நூற்று அறுபது ரூபாய்ச் சத்துணவும் அக்காவின் முட்டையும்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் ஒருத்தரைப் பார்த்துவிட்டு அக்காவை ஈரோட்டில் விடப் போய்க்கொண்டிருந்தோம். சேலம் போகிற பைபாஸ் ஓரமாக ஒரு கடையைக் காட்டி, இன்ஸ்டாகிராமில் பார்த்து வைத்திருக்கிறேன், நிறுத்துங்கப்பா என்றான் என் பையன். கொங்குச் சமையலையும் பழைய பள்ளிக்கூடத்தையும் கலந்து கட்டிய கடை. வாசலில் மணிக்குத் தண்டவாளத் துண்டு, உட்காரப் பெஞ்சு, கரும்பலகையில் சாப்பாட்டு விலை, பரிமாறுகிற ஆட்களுக்குக் காக்கி அரை டவுசர். மீசை நரைத்த மனுசனுக்கு எதற்குங்க அரை டவுசர். சரி, பசி, உள்ளே போய்விட்டோம்.

முதலில் அரிசிம்பருப்புச் சோறு சொன்னோம். கொங்குச் சமையல் என்று போர்டு வைத்தவரை அதை வைத்துத்தான் எடை போடவேண்டும். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய் எல்லாம் சரியாக இருந்தது, தாளிப்பும் கடலெண்ணெய்தான், வாசத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் சோறு பிரியாணி மாதிரி உதிர் உதிராக இருக்கிறது, மேலே முந்திரி வேறு. அரிசிம்பருப்பு குழைந்து, கரண்டியை வைத்தால் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கவேண்டும், அப்போதுதான் நெய் அதற்குள் இறங்கும். இங்கே நெய் இலையில் தனியாக ஓடுகிறது. எங்கள் அம்மா செய்வது காலையில் டப்பாவில் அடைத்தால் மதியத்துக்குள் இறுகிக் கட்டியாகிவிடும், ஓரத்தைக் கரண்டியால் நெம்பி எடுத்துத் தயிரில் நனைத்துத் தின்போம். அந்த இறுகல் எந்தக் கடையிலும் கிடைக்காது, சூடாகப் பரிமாறுகிறவனிடம் அதைக் கேட்கவும் முடியாது. குறையாகச் சொல்லவில்லை, ஞாபகம் வந்தது அவ்வளவுதான்.

கொள்ளு ரசத்துக்கு முழு மார்க். கொள்ளை வேகவைத்த தண்ணீரையே ரசத்துக்கு எடுத்திருக்கிறார்கள், நாக்கில் அந்த மண்வாசம் நின்றது, நான் மூன்று டம்ளர் குடித்தேன். கடைசலில் மட்டும் கொள்ளு மிக்ஸியில் நைசாகிவிட்டது.

சந்தகை, அதுதான் எங்கள் ஊர் இடியாப்பம், சொன்னால் இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். அது நல்ல சேதி, அப்போதுதான் பிழிகிறார்கள் என்று அர்த்தம். வந்தது பஞ்சு மாதிரி இருந்தது, தேங்காய்ப்பாலும் முதல் பால். ஆனால் தொட்டுக்க வெள்ளைச் சர்க்கரை வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச்சர்க்கரை கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்துதான் போகிறது, அது இங்கிருந்து எட்டுகிற தூரம். கவுந்தப்பாடிப் பக்கத்துக்காரன் நான், இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. கேட்டதற்கு, வாடிக்கையாளர்கள் வெள்ளைதான் கேட்கிறார்கள் என்றார் ஒரு அரை டவுசர்.

கம்மஞ்சோறு மண்சட்டியில் வந்தது, மோர், உரித்த சின்ன வெங்காயம், மோர்மிளகாய், எல்லாம் பாங்காக. விலைப்பட்டியலில் அரிசிச் சாப்பாட்டைவிட அதுதான் அதிகம். எங்கள் காடு கீழ்பவானி வாய்க்கால் பாசனம். ஒரு வருஷம் ஒற்றைப்படை மதகுக்கு நெல் தண்ணீர் என்றால் அடுத்த வருஷம் இரட்டைப்படை மதகுக்கு. நம் மதகுக்கு நெல் முறை இல்லாத வருஷம் வீட்டில் களியும் கம்மஞ்சோறும்தான், அரிசிச்சோறு ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால்தான். அன்றைக்கு யாராவது வரமாட்டார்களா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவன், இன்றைக்கு அதே கம்மஞ்சோற்றுக்கு ஜிஎஸ்டி கட்டுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் "சத்துணவுத் தட்டு, ரூ. 160" என்று ஒன்று இருந்தது. பையன் ரீல்ஸ் எடுக்க அதைத்தான் சொன்னான். அலுமினியத் தட்டில் சாம்பார் சோறு, ஓரத்தில் சுண்டல், நடுவில் அவித்த முட்டை. தட்டின் விளிம்பில் ஆணியால் கீறிய மாதிரி ஒரு பெயரை அச்சடித்திருக்கிறார்கள்.

"அத்தை, இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டான்.

அக்கா தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "வட்டலு இதேதான் கண்ணு. நாங்க வீட்டுல இருந்து கொண்டு போவோம், மழை வந்தா தலையில கவுத்துக்குவோம். சோறுதான் இது இல்லை."

உண்மைதான். இவர்கள் போட்டது நெய் வாசமடிக்கிற பொன்னி அரிசி. எங்கள் பள்ளியில் வந்தது ரேஷன் அரிசிச் சோறு, விறகுப் புகை ஏறி ஒரு வாசம் இருக்கும், சில நாள் வண்டையும் பொறுக்கவேண்டியிருக்கும், சாம்பாரில் பாதி நாள் சுரைக்காய்தான் மிதக்கும். ஆனாலும் மணி அடிக்கும் முன்பே வட்டல்கள் பைக்குள் கடகடவென்று சத்தம் போடும்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அக்கா நாலாவது. ஐந்தாவது முடிய அங்கேதான் சாப்பிட்டாள். 1984 ஜூனில் ஆறாவதுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனாள், அங்கே சத்துணவு இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அப்போது. பத்தாவது வரைக்கும் நீட்டியது அந்த வருஷம் செப்டம்பரில். நடுவில் மூன்று மாசம் தூக்குப்போசியில் ராகிக்களி கொண்டு போனாள். மற்ற பிள்ளைகள் அரிசிச்சோறு கொண்டுவர, இவள் புளியமரத்துக்குப் பின்னால் மூடியைப் பாதி மூடிக்கொண்டே கிள்ளிக் கிள்ளித் தின்றுவிட்டு வருவாளாம். இதையெல்லாம் நான் இந்தக் கடை பெஞ்சில்தான் முதன்முதலாகக் கேட்கிறேன், நாற்பது வருஷம் கழித்து. செப்டம்பரில் சத்துணவு வந்த அன்று போசியை வீட்டில் வைத்துவிட்டு வட்டலை எடுத்துக்கொண்டு ஓடியதைச் சொல்லும்போது சிரிக்கிறாள்.

"இதுக்கு நூத்தறுவதா? அப்ப நான் சாப்பிட்டதுக்குக் கணக்குப் போட்டா ஒரு காடே வித்திருக்கோணும்" என்றாள். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தத் தட்டில் கைவைக்க மாட்டேன், எனக்கு இலை போடச் சொல்லு என்று சொல்லிவிட்டாள். கோபமெல்லாம் இல்லை, வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கும் அதே எண்ணம்தான். வேண்டுமென்று கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும், ஆனால் காக்கி டவுசர் போட்ட ஆள் மணியடித்து "சத்துணவு ரெடி" என்று கத்தும்போது எனக்கு என்னவோ தொண்டையில் சோறு இறங்கவில்லை. ரசமும் மோரும்தான் காப்பாற்றியது.

முட்டை விஷயம் தனி. அக்கா காலத்தில் முட்டை கிடையாது. 1989இல்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தார்கள், நான் அப்போது ஏழாவது. அக்கா அந்த வருஷம்தான் பத்தாவது முடித்து வெளியே வந்திருந்தாள். முட்டை போட்ட நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் அலட்டியதை அவள் இன்னும் மறக்கவில்லை. "ஒண்ணையாவது பையில ஒளிச்சுக் கொண்டாந்தியாடா சாமி?" என்றாள். கொண்டுவரவில்லை. அங்கேயே முழுங்கிவிட்டுத்தான் வந்தேன்.

பையன் அந்த முட்டையை எடுத்து அத்தையின் இலையில் வைத்தான். மிளகுத்தூள்கூடப் போடாமல் இரண்டு வாயில் முடித்துவிட்டு, "இன்னொண்ணு கிடைக்குமா கேளு" என்றாள். வந்தது. பில்லில் கூடுதல் முட்டை ஒன்று, 25 ரூபாய் என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் கல்லாவுக்கே போய்விட்டாள். "ஏனுங்க, நாமக்கல்லு பக்கத்துலதானே இருக்குது, இதென்ன அநியாயம்?"