கல்லாய்ப் போன பிரேக்கும் சம்மாந்துறை கராஜும்

என்னிடம் இருப்பது 1994 ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபுள் கேப். 2.8 லீற்றர் டீசல். களுவாஞ்சிகுடியிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போவது, திரும்பும்போது லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வருவது. இதுதான் அதற்கும் எனக்கும் பிழைப்பு. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பிக்கப்பின் விலை ஏறிய ஏற்றத்தில், இதை விற்றுவிட்டு இதேபோல இன்னொன்றை நான் வாங்க முடியாது. ஆகவே என்ன வருத்தம் வந்தாலும் வைத்தியம்தான்.

மாசி மாதம் வந்த வருத்தம் பிரேக்கில். பசறை தாண்டி லுணுகலைப் பக்கம் இறங்கும்போது, முழு லோட், ஒரு வளைவுக்கு முன்னால் காலை வைத்தேன். செங்கல்லை மிதித்ததுபோல இருந்தது. பிரேக் இல்லாமல் போகவில்லை; ஆனால் சீற்றிலிருந்து எழும்பி நின்று மிதிக்க வேண்டியிருந்தது. பிபிலை வரைக்கும் இரண்டாவது கியரிலேயே வந்து சேர்ந்தேன். இதில் விசேஷம் என்னவென்றால், அடுத்த நாள் காலையில் வீட்டு முற்றத்தில் மிதித்துப் பார்த்தால் பெடல் பஞ்சுபோல இறங்குகிறது. ஒரு மணித்தியாலம் ஓடிச் சூடானதும் பழையபடி கல்.

முதலில் போனது வழக்கமாகப் போகும் கராஜுக்கு. பெயர் சொல்லப் போவதில்லை, நாளைக்கும் அந்தத் தெருவால்தான் போக வேண்டும். அங்கே சொன்னதைக் கேட்டவுடன், மிதிக்கும்போது பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் பம்ப்பைக் கழற்றிப் புதிது போட்டார்கள். முன் சில்லுகளுக்கு பேட் மாற்றினார்கள். பிரேக் ஒயில் மாற்றி இரண்டு தரம் எயார் எடுத்தார்கள். 41,000 ரூபா. கராஜ் வாசலில் ஓட்டிப் பார்த்தபோது அருமையாக நின்றது. நிற்காமல் என்ன செய்யும், இன்ஜின் ஆறிக் கிடந்ததே! மகா ஓயா போவதற்குள் பெடல் மறுபடி கல்லானது. திரும்பிப் போய்ச் சொன்னால், “அப்ப பூஸ்டர்தான் போயிட்டு, கொழும்புப் பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் ஒண்டு எடுப்பம், 45,000 வரும்” என்றார்கள். பூஸ்டர் என்றால் மிதிக்கும் காலுக்குப் பலம் சேர்க்கும் சாமான். அந்த “அப்ப” என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

மச்சான்தான் சம்மாந்துறைக்குப் போகச் சொன்னான். காரைதீவுச் சந்தியால் உள்ளே திரும்பிப் போக வேண்டும். பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கொட்டில், முன்னால் ஒரு வேப்பமரம், அதன் கீழே எப்போதும் இரண்டு நெல் லொறிகள் நிற்கும். நடத்துகிறவருக்கு அறுபது வயதிருக்கும். எல்லாரும் காக்கா (அண்ணன்) என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

காக்கா சாவி எதையும் கையில் எடுக்கவில்லை. என்னை ஏறி உட்காரச் சொன்னார். இன்ஜினை நிறுத்திய நிலையில் பெடலை ஐந்தாறு தரம் மிதித்து, மிதித்தபடியே காலை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஸ்டார்ட் ஆனதும் பெடல் காலுக்குக் கீழே மெல்ல இறங்கியது. “இறங்கினதா? அப்ப பூஸ்டர் வேலை செய்யுது. சாகல்ல.” அடுத்தது, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கொஞ்ச நேரம் பொறுத்து மிதிக்கச் சொன்னார். முதல் மிதி ஆழமாக இறங்கி, இரண்டாவது மூன்றாவது மிதிகளில் பெடல் படிப்படியாக உயர வேண்டுமாம். எனக்கு முதல் மிதியே கல். “இஞ்ச எங்கயோ காத்துப் போகுது” என்றார்.

பூஸ்டர் என்பது மாஸ்டர் பம்ப்புக்குப் பின்னால் இருக்கும் கறுப்புத் தகரச் சட்டி. உள்ளே ஒரு றப்பர் தடுப்பு. அதன் இரண்டு பக்கமும் காற்றை உறிஞ்சி வெறுமையாக வைத்திருக்கும். நாம் மிதிக்கும்போது பெடல் பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழைந்து றப்பரை முன்னே தள்ளுகிறது. நம் காலுக்குத் துணை அந்தக் காற்றுத்தான். பெற்றோல் வண்டியில் இந்த உறிஞ்சலை இன்ஜினே கொடுத்துவிடும். டீசலில் அது கிடைக்காது என்பதால் தனியாக ஒரு வெக்கியூம் பம்ப். என் ஹைலக்ஸில் அது டைனமோவின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போதே காக்கா டைனமோ பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அந்த பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமல்ல, பவர் பிரேக்கும் போகும். முப்பது வருட வண்டியை இத்தனை காலம் ஓட்டுகிறேன், இது எனக்குத் தெரியாது.

பிறகுதான் வெக்கியூம் மீற்றரை எடுத்தார். பூஸ்டருக்குப் போகும் ஹோஸில், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் நொன் ரிட்டர்ன் வால்வுக்கு அந்தப் பக்கம், பூஸ்டர் ஓரமாகப் பொருத்தினார். ஊசி 25 அங்குலத்தில் (பாதரசக் கணக்கு) நின்றது. நல்ல கணக்குத்தான். “சூடாகட்டும்” என்று இன்ஜினை ஓடவிட்டு டீ வாங்க ஆள் அனுப்பினார். இருபது நிமிடம் கழித்துப் பெடலை மூன்று தரம் அடுத்தடுத்து மிதிக்கச் சொன்னார். ஊசி 10 இற்கு விழுந்தது. விழுந்தது ஏற மனமில்லாமல் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. ஹோஸைக் கழற்றி மீற்றரை நேரே வெக்கியூம் பம்ப்பில் பிடித்தார். உடனே 26 இற்குப் பாய்ந்தது. பம்ப்பில் குறையில்லை, இடையில்தான் ஏதோ.

அந்த ஹோஸை என் கையில் தந்தார். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அழுத்தினேன், மாட்டின் நாக்குப் போலத் தட்டையாகி ஒட்டிக்கொண்டது. சூட்டிலும் ஒயில் ஆவியிலும் உட்பக்கம் ஊறி இளகியிருக்கிறது. பம்ப் உறிஞ்ச உறிஞ்ச ஹோஸ் உள்ளே சுருங்கி வழியை அடைத்துவிடும். ஆறினால் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். காலையில் பஞ்சு, வழியில் கல் என்பதன் இரகசியம் இதுதான்.

“இது தண்ணி ஹோஸ். ஆரு தம்பி போட்ட?”

“முந்தின கராஜாக இருக்கும்” என்றேன். பொய். போன வருடம் மகா ஓயாவில் பழைய ஹோஸ் வெடித்தபோது, றோட்டோரக் கடையில் ஒரு துண்டு வாங்கி நானே செருகியது. கொட்டிலுக்குள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு உண்மையைச் சொன்னேன். காக்கா சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. “மறுகா நல்லதா ஒண்டு போடுவம்” என்றார்.

வால்வை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் காற்றுப் போக வேண்டும். இரண்டு பக்கமும் போனது. இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் கசிந்தது அதனால்தான். மாஸ்டர் பம்ப்பின் நட்டுகளைத் தளர்த்தி, பின்பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்தார். அங்கே ஈரம் இருந்தால் பிரேக் ஒயில் பூஸ்டருக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். காய்ந்து கிடந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

சாமான் நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும், இது ஒரு கரைச்சல். கல்முனையில் முதல் கடையில் டீசல் ஹோஸை எடுத்து நீட்டினார்கள். காக்கா தந்துவிட்ட துண்டைக் காட்டி, தடித்த சுவர் உள்ள வெக்கியூம் ஹோஸ் மூன்றாவது கடையில் கிடைத்தது. ஹோஸ் 2,400, வால்வு 3,500, கூலி 4,000. மொத்தம் 9,900 ரூபா. மாட்டியபின் சூட்டிலும் ஊசி அசையவில்லை. இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மிதித்தேன், முதல் மிதி ஆழமாக இறங்கியது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். லோட் ஏற்றும்போது பின் பிரேக் போதாது என்றேன். காக்கா விளக்கம் சொன்னார். பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வு இருக்கிறது. வண்டியின் பின்பக்கம் பாரத்தில் தாழ்வதை ஒரு கம்பியால் உணர்ந்து பின் சில்லுக்குப் பிரேக்கைக் கூட்டும். நான் பாரத்துக்காக இரண்டு வில் தகடு கூடுதலாகப் போட்டிருப்பதால் பின்பக்கம் தாழ்வதேயில்லை, வால்வு எப்போதும் வெறும் வண்டி என்றே நினைக்கிறது. விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கம்பியைக் கண்மதிப்பில் திருப்பிவிட்டு, வயல் றோட்டில் இரண்டு தரம் பிரேக் அடித்துப் பார்த்து “சரி” என்றுவிட்டார். அழுத்தம் அளக்கும் மீற்றர் அவரிடம் இல்லை. பெடலை அப்படி அளந்தவர் இதையும் அளந்திருந்தால் எனக்கு நித்திரை வரும். இப்போதைக்கு லோட்டைக் குறைத்துத்தான் ஏற்றுகிறேன்.

பில் தரமாட்டார், போன் எடுக்கமாட்டார், உட்கார ஒரு லொறி டயர்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மூடினால் இரண்டு மணிக்கு முன்னால் திறக்காது. போகிறவர்கள் காலை எட்டு மணிக்குப் போங்கள், வண்டியைச் சூடாகவே கொண்டு போங்கள்.