தோளுக்கு இதமான பேஸ்: ஐபனெஸ் எஸ்.ஆர். 300இ

பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்), மரம், பிராண்டு என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். எத்தனை கிலோ என்று கேட்பவர் குறைவு. ரிசப்ஷன் கச்சேரிகளில் வாசிக்கிற எனக்கு இப்போது அதுதான் முதல் கேள்வி. ஏழு மணிக்குத் தோளில் மாட்டினால், மாப்பிள்ளை வீட்டார் பாட்டுச் சீட்டு அனுப்பி ஓய்வதற்குள் பத்தரை ஆகிவிடும். நடுவில் உட்கார வழியில்லை.

என்னிடம் ஏற்கெனவே இருப்பது ஆஷ் மரத்தில் செய்த, ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாடலுக்கு ஒரு காப்பி. ஊருக்குப் போகும் பெட்டியை எடை பார்க்கிற கொக்கித் தராசில் மாட்டினால் 4.7 கிலோ காட்டுகிறது. இந்த ஐபனெஸ் 3.4. கையில் தூக்கிப் பார்த்தால் இது ஒரு வித்தியாசமா என்றுதான் தோன்றும். ஆனால் அத்தனை எடையும் இடது தோளில் ஒரு பட்டையின் அகலத்துக்குள் உட்காருகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசை கச்சேரி முடியும்வரை விறைத்தே இருக்கும். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது தலையைத் திருப்பினால் தெரியும் சேதி.

அதற்காக எடை குறைந்தால் போதும் என்றும் இல்லை. 1951-இல் ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் வந்தபோது வைத்த 34 அங்குல ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம்தான் இன்றும் வழக்கம். அவ்வளவு நீள நெக் (விரல் வைத்து வாசிக்கும் கழுத்துப் பகுதி), அதன் நுனியில் சுருதி சேர்க்கும் நாலு பெரிய கீ. பாடியை மட்டும் இளைக்க வைத்தால் தலைப்பக்கம் கீழே சாயும். லேசான பேஸ்களைப் பிடித்த வியாதி இது. வாசிக்க வேண்டிய இடது கை, நெக்கைத் தாங்கும் வேலைக்குப் போய்விடும். ராஜா சார் பாட்டுகளில் பேஸ் ஓரிடத்தில் நிற்காது, மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டைவிரல் சுமை தூக்கிக்கொண்டிருந்தால் அந்த ஓட்டம் எங்கே வரும்? மணிக்கட்டு வலிதான் வரும். என்னைக் கேட்டால் சாய்கிற மூன்று கிலோவைவிடச் சாயாத நாலு கிலோ தேவலை.

ஐபனெஸின் எஸ்.ஆர். வரிசை 1987-இலிருந்து வருகிறது. ஓரம் மெலிந்த பாடி, சின்ன ஹெட், ஒல்லியான நெக் எல்லாம் அதன் அடையாளம். பாடியின் மேல்முனையான கொம்பு நன்றாக நீண்டிருப்பதால், தோள் பட்டையை மாட்டும் ஸ்ட்ராப் பட்டன் நெக் பக்கம் தள்ளி அமைகிறது. சமநிலை வருவது அங்கேதான். மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் எடுத்துப் பார்த்தேன், நெக் அப்படியே நின்றது. ஆனால் ஸ்ட்ராப்பைக் கவனியுங்கள். மேடைக்கென்று தைக்கிற பளபளப்பான சட்டையில் நைலான் பட்டை வழுக்கிக்கொண்டே போகும். உள்பக்கம் சொரசொரப்பான, மூன்று அங்குலத்துக்குக் குறையாத தோல் பட்டை போட்டால் நழுவாது, எடையும் பரவி இறங்கும்.

கனமான பேஸில்தான் ஒலி நிற்கும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. மண்டபத்து ஸ்பீக்கர் வழியாக, தவில் செட் ஒன்று வாசலில் முழங்கும்போது, அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவருக்கு என் சம்பளத்தைக் கொடுத்துவிடுகிறேன். பிக்கப் ஒலியை மாற்ற மூன்று நிலை சுவிட்ச் இருக்கிறது, அடி, நடு, உச்ச ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் மூன்று பேண்ட் ஈக்யூ இருக்கிறது; கல்யாணக் கச்சேரிக்கு அதுவே தாராளம். ஆக்டிவ் சர்க்யூட் என்பதால் 9 வோல்ட் பேட்டரி வேண்டும். உறையில் ஒன்று கூடுதலாகப் போட்டு வையுங்கள். வாசிக்காத நேரத்தில் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி சும்மாவே தீரும்.

இன்னொன்று, மரம் மரம்தான். ஒரே மாடலில் இரண்டு பேஸுக்கு எடை ஒன்றாக இருக்காது. கடைக்குப் போகும்போது கொக்கித் தராசையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நின்றுகொண்டு ஒரு கால் மணி நேரமாவது வாசித்துப் பாருங்கள்.

பழையதை விற்கவில்லை. ரெக்கார்டிங் என்றால் எப்படியும் உட்கார்ந்துதான் வாசிக்கிறேன், எடை தொடையில் இறங்கிவிடுகிறது. அதற்கு அதுவே போதும்.