இரவில் இறக்கிய 150 கோழிகள்: சிறுவிடை நாட்டுக்கோழி வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

காங்கேயம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். இரண்டு ஏக்கர் தென்னை, மீதி கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. 2021இல் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டுக் கடை ஆரம்பித்தோம். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், முருங்கைக்காய், தயிர், நெய், நாட்டுக்கோழி முட்டை. காலையில் அம்மா கடையில் உட்காருவார், பத்து மணிக்கு மேல் வீட்டுக்காரி. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியவள் முட்டைக் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வாள். நாலாம் வகுப்புதான், ஆனால் சில்லறை எண்ணுவதில் என்னைவிடக் கெட்டி.

முட்டைதான் எங்களுக்குப் பிரச்சினை. 35 சிறுவிடைக் கோழிகள் இருந்தன. சிறுவிடை பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடத்துக்கு எழுபது முட்டை கிடைத்தால் பெரிது. ஆக நாளுக்கு ஆறு, ஏழு. ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து காரில் வருகிறவர்கள் இறங்கியதும் கேட்பது முட்டை. இல்லை என்றால் எண்ணெயும் வாங்காமல் வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

அந்த ஆளும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளராகத்தான் வந்தார். இரண்டு லிட்டர் எண்ணெய் வாங்கினார், அம்மா கொடுத்த மோரைக் குடித்தார், காட்டுக்குள் நடந்து கோழிகளை எல்லாம் செல்போனில் வீடியோ எடுத்தார். "இப்படி ஒரு சுத்தமான பண்ணையை நான் பார்த்ததே இல்லீங்ணா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போகும்போதுதான் சொன்னார், தன்னிடம் 50 நாள் வயதில் சிறுவிடைப் பெட்டைகள் இருப்பதாக. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, ஒன்று 220 ரூபாய், 150 எடுத்தால் வண்டிச் செலவு அவருடையது.

2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டம் மோசடியாகி விழுந்தபோது, பணம் போட்டவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். அதைச் சொல்லி வீட்டுக்காரி என்னை நிறுத்தப் பார்த்தாள். "ஏனுங்க, அவர் பண்ணையை ஒருக்கா போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாள். அந்த வாரம் தேங்காய் வெட்டு, ஆள் கிடைத்த நாளை விட முடியாது. போகவில்லை. 10,000 ரூபாய் முன்பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் வந்த பெயர் அவருடையது இல்லை. கேட்டதற்கு "மச்சான் அக்கவுண்ட்டுங்ணா" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

வண்டி ராத்திரி எட்டரை மணிக்கு வந்தது. பகல் வெயில் கோழிக்கு ஆகாது என்று காரணம் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு கிரேட்டாக எண்ணினோம். 150 சரியாக இருந்தது. எண்ணிக்கையில் மட்டும் ஏமாற்றவே இல்லை. மீதி 23,000 ரொக்கமாக வாங்கிக்கொண்டு, ஒரு தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பில் கேட்டேன். "வாட்ஸ்அப்புல அனுப்பறேனுங்ணா." இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

விடிந்ததும் அம்மா பட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "இது நம்ம கோழி இல்ல சாமி. காலு பாரு, எத்தன தடிமனா இருக்குது. கொண்டை இந்த வயசுலேயே செவந்து நிக்குது." புதுசாக வந்ததை ஒரு மூன்று வாரமாவது தனியாக வை என்றும் சொன்னார். தனிக் கொட்டகை கட்ட நேரமில்லை. பட்டியை நடுவில் வலை போட்டுப் பிரித்தேன். தண்ணீர் ஊற்றியது அதே வாளி, உள்ளே போய் வந்தது அதே செருப்பு.

நாலாம் நாள் காலையில் புதுக்கோழிகள் சில இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றன. எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருந்தது. மதியத்துக்குள் நாலு போய்விட்டன. மறுநாள் பதினொன்று. ஒன்றிரண்டு கழுத்து முறுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. செத்த கோழியைச் சாக்கில் போட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன். டாக்டர் அறுத்துக் காட்டினார். இரைப்பைக்கு முன்னால் இருக்கிற சுரப்பிப் பையின் உள்பக்கம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்பார்களே, அதே. "வந்த பிறகு மருந்து கிடையாது, இனி மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம்" என்றார்.

தடுப்பூசி போட்டிருக்கிறார்களே என்று அட்டையை நீட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு என் பக்கமே திருப்பி வைத்தார். ஏழாம் நாள் லசோட்டா (வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்து), பதினாலாம் நாள் கம்போரோ (அது வேறொரு நோய்க்கு), இருபத்தெட்டாம் நாள் மறுபடி லசோட்டா, ஐம்பத்தாறாம் நாள் ஆர்.டி.வி.கே (வெள்ளைக்கழிச்சலுக்கான ஊசி). எல்லாம் ஒரே பேனா, ஒரே மை, ஒரே மூச்சில் எழுதிய எழுத்து. அதுகூடப் பரவாயில்லை. 50 நாள் கோழிக்கு 56ஆம் நாள் போட வேண்டிய ஊசியைப் போட்டு முடித்ததாக அட்டை சொல்கிறது. 33,000 ரூபாய் கொடுத்த நான் அந்த அட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

என் தப்பு இன்னொன்றும் உண்டு. வருடா வருடம் பிப்ரவரியில் கால்நடைத் துறை கழிச்சல் நோய்க்கு இலவசமாக ஊசி போடுகிறது. இந்த வருடம் அந்த வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல், விட்டுவிட்டோம். அதனால் நோய் வலையைத் தாண்டியதும் எங்கள் பழைய கோழிகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. 35இல் மிஞ்சியது 9. புதியதில் 68 செத்தன. தென்னைக்கு நடுவில் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். பெரியவள் வளர்த்த சாம்பல் நிறக் கோழியும் அதில் ஒன்று. அவள் அழவில்லை, முட்டைக் கணக்கு நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே ஒரு கோடு போட்டு மூடி வைத்துவிட்டாள். நானும் அம்மாவும் ஒரு வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மிச்சம் இருந்த 82 கோழிகள் வளர்ந்தன. நாலாம் மாதம் விடியற்காலையில் கூவ ஆரம்பித்தபோதுதான் முழுக் கணக்கு தெரிந்தது. 71 சேவல், 11 பெட்டை. பண்ணைகளில் முட்டைக் கோழிக்குப் பெட்டைக் குஞ்சுதான் வேண்டும், சேவல் குஞ்சுக்கு விலை இல்லை. அதையும் கலப்பினத்தையும் சேர்த்து வளர்த்துச் சிறுவிடை என்று தள்ளுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அதற்கு முன்பே ஒருமுறை அந்த ஆள் போனை எடுத்தார். மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன். "விடுங்ணா, உங்களுக்கு முட்டைதானே வேணும்? பிரவுன் முட்டை ஏழு ரூபாய்க்கு இறக்கறேன், நாட்டு முட்டைன்னு பதினஞ்சுக்கு வித்துக்குங்க. டவுன்காரங்களுக்கு என்ன தெரியப் போகுது" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. வீட்டுக்காரி என் கையிலிருந்து வாங்கிக் கட் பண்ணிவிட்டு, ஒரு அட்டையில் 'முட்டை இல்லை' என்று எழுதிக் கடை முன்னால் தொங்கவிட்டாள். (முட்டை வாங்குகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: சிறுவிடை முட்டை சின்னது, ஒரே கூடையில் நிறம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். முப்பதும் ஒரே அளவில், ஒரே காப்பி நிறத்தில் இருந்தால் அது பண்ணை பிரவுன் முட்டை.) சேவல்களைக் 'கலப்பினம்' என்று எழுதி வைத்தே விற்றோம். தீவனச் செலவுக்கு வந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தேன், மனு வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர் ரசீது தந்தார்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் இருப்பது மச்சான் பெயரில் 10,000 ரூபாய் ஸ்கிரீன்ஷாட் மட்டும். கையில் கொடுத்த 23,000க்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அந்த நம்பர் இப்போது ஸ்விட்ச் ஆஃப்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் பகலில் போய், அவர்கள் பட்டியில், தாய்க்கோழிகளைப் பார்த்து எடுங்கள். எங்கே வளர்கிறது என்று காட்டாதவரிடம் ஒரு குஞ்சுகூட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு வந்தால் வேறு வாளி, வேறு செருப்பு, மூன்று வாரம்.

இதை இன்று எழுதக் காரணம் வேறு. போன வாரம் பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்தேன். புது நம்பர், புதுப் பெயர், 'ஒரிஜினல் சிறுவிடை, எங்கள் சொந்தப் பண்ணை' என்று ஒரு வீடியோ. பின்னால் கிளுவை வேலி, பச்சைப் பெயின்ட் அடித்த தண்ணீர்த் தொட்டி, தொட்டி மேல் ஏறி நிற்கிற சாம்பல் நிறக் கோழி. அது எங்கள் காடு. அந்தக் கோழி இப்போது இல்லை.