குடிபூரலுக்கு மட்டும் பச்சையாக இருந்த தோட்டம்: கொழும்பில் இருப்பவர்கள் கவனம்

கொழும்பில் புது வீடு கட்டி முடிக்கிறவர்களுக்கும், பழைய வீட்டைத் திருத்திவிட்டு முன்பக்கத்தைக் கொஞ்சம் வடிவாக்குவோம் என்று நினைப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. லாண்ட்ஸ்கேப்பிங் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலையை விலாவாரியாக எழுதுகிறேன். ஆளின் பெயர் போடவில்லை. பெயரைப் போட்டால் பேஸ்புக் பக்கத்தின் பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வருவார். அவர் செய்யும் முறையை எழுதிவிட்டால் யார் வந்தாலும் பிடித்துவிடலாம்.

இடம் வெள்ளவத்தை, கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்று. பத்துப் பேர்ச் காணி. வீடு போக முன்னாலும் பக்கவாட்டிலுமாக ஏறத்தாழ 600 சதுர அடி மிஞ்சியது. சுற்றிவர அடுக்குமாடிகள், அதனால் பக்கவாட்டுப் பகுதிக்கு வெயில் வருவதே பெரிய காரியம். பின்னால் மாமனார் வைத்த பலா. புது வீட்டுக்குக் குடிபுகும் குடிபூரலைத் தை மாதக் கடைசியில் வைத்திருந்தோம். வந்தவர் முதலில் கேட்டதே அந்தத் தேதியைத்தான். மண்ணைப் பார்க்கவில்லை, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்கவில்லை. “அண்ணா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. குடிபூரலுக்கு வாற சனம் வாயைப் பிளக்கும்” என்றார். பிளந்தது உண்மைதான். தோட்டம் முழுவதும் அந்த ஒரு நாளுக்கென்றே செய்யப்பட்டிருந்தது. மிச்சக் காசையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை வந்து படம் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டார், இன்றைக்கும் அந்தப் படத்துக்குக் கீழே ஆட்கள் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பங்குனி வெயிலில் முதலில் புல் போனது. அப்புறம் வெட்சி மஞ்சளடித்தது. சித்திரையில் மதிலோரமாக நின்ற செடிகள் ஒன்றொன்றாகக் காய்ந்தன. போன் எடுத்தால் “தண்ணி காணாது அண்ணா” என்பார், இன்னொரு நாள் “தண்ணி கூடிப்போச்சு” என்பார். பிறகு எடுப்பதையே விட்டுவிட்டார்.

எங்கள் ஒழுங்கையில் வேறு வீடுகளில் தோட்ட வேலை செய்யும் ஹட்டன் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். செத்த வெட்சி ஒன்றைப் பிடுங்கிவிட்டு மண்வெட்டியை ஒரு போடு போட்டார், ‘டங்’ என்று சத்தம். மேலே நாலு அங்குலம் சிவப்பு மண். அதன் கீழே உடைந்த கல், காய்ந்த சீமெந்துக் கட்டி, ஓட்டுத் துண்டு, சீமெந்துப் பையின் கடதாசி. வீடு கட்டியபோது மேசன்மார் விட்டுப்போன குப்பை எல்லாவற்றையும் அப்படியே மூடிப் பரப்பியிருக்கிறார்.

எங்கள் பில்லில் இருந்தது ஓரடி ஆழத்துக்கு மேல்மண். இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள், இதில்தான் பெரிய காசு போகிறது. மண்ணும் மணலும் கியூப் கணக்கில் விற்கப்படுகின்றன, ஒரு கியூப் என்றால் 100 கன அடி. 600 சதுர அடிக்கு ஓரடி ஆழம் போட 6 கியூப் வேண்டும். அவரும் ஆறுக்குத்தான் காசு வாங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டு கியூப் கொண்ட ஒரே ஒரு டிப்பர். இரண்டு கியூபை 600 சதுர அடியில் பரப்பினால் சரியாக நாலு அங்குலம் வரும், பெரியவரின் மண்வெட்டி சொன்னதும் அதுதான். வந்த மண்ணும் மேல்மண் இல்லை, எங்கேயோ அத்திவாரம் வெட்டிய இடத்துக் கபூக் மண், அதாவது செம்பூரான் மண். காய்ந்தால் இறுகும், மழை பெய்தால் சேறாகும், சத்தும் கிடையாது.

வெட்சி மஞ்சளானதற்கும் காரணம் இதுதான். வெட்சிக்குப் புளிப்புத்தன்மையுள்ள மண் வேண்டும். சீமெந்தும் சுண்ணாம்பும் கலந்த மண் காரத்தன்மையாகிவிடும். அந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இந்த இரும்புக் குறைபாடுதான், தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை. ‘பசளை போட்டுவிடுகிறேன்’ என்று அதற்கும் தனியாகக் காசு கேட்டவர் இவர். குப்பையை வாரி எடுத்து நல்ல மண்ணும் கூட்டெருவும் போட்ட பிறகு, மிஞ்சிய இரண்டு வெட்சியும் இப்போது பூக்கின்றன.

அடுத்தது கன்றுகள். எல்லாரும் ஏமாறுகிற இடம் இது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மல்வானை ரம்புட்டான் ஒட்டுக்கன்று என்று ஒன்றைத் தந்தார். தண்டில் ஒரு சாண் உயரத்தில் பச்சை நிறப் பொலித்தீன் டேப் சுற்றியிருந்தது. பெரியவர் குந்தியிருந்து நகத்தால் அந்த டேப்பைக் கிளப்பி மெதுவாக உரித்தார். உள்ளே தழும்பு இல்லை, தடிப்பு இல்லை, பட்டையின் நிறம்கூட மாறவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே தண்டு. “ஐயா, இது கொட்டைக் கன்னுங்க. சும்மா டேப்பை சுத்தி வச்சிருக்கானுங்க” என்றார். உண்மையான ஒட்டுக்கன்றில் ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியும். அங்கே தண்டு சற்று வளைந்திருக்கும், அல்லது புடைத்திருக்கும். மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் ஒரே மாதிரி இருக்காது. ரம்புட்டானில் இது சின்ன விஷயமில்லை. கொட்டையில் முளைத்த கன்றுகளில் பாதிக்குப் பாதி ஆண் மரமாகப் போகும். ஆண் மரம் பூக்கும், ஆனால் ஒரு பழம் தராது. வருடக்கணக்காகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகுதான் அது உங்களுக்குத் தெரியவரும். கன்றை வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் டேப்பைக் கிளப்பிப் பாருங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பத்தரமுல்லை தியத உயனவில் வரிசையாகச் செடிக்கடைகள் இருக்கின்றன, அங்கே நின்று நிதானமாக நாலைந்து கடை பார்த்து வாங்கலாம்.

மாங்கன்றில் வேறு விதமான வேலை. அது அசல் ஒட்டுக்கன்றுதான், அதில் பொய்யில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து மாம்பழ வகையான கறுத்தக்கொழும்பான். யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் கொழும்பில் இருக்கிறார் என்றால் அவருக்கு என்ன விற்கலாம் என்று இந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். மாமனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “மாமா, இதே ஒழுங்கையிலை ஒரு வீட்டிலை காய்ச்சுக் கொட்டுது” என்றார். அந்த வீட்டை இன்றுவரை நாங்கள் காணவில்லை. மாமரம் நன்றாகப் பூத்துப் பிஞ்சு பிடிக்க வறண்ட காலம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மாரி முடிந்ததும் அது கிடைக்கிறது. கொழும்பு ஈர வலயம். வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை, வைகாசியிலும் ஐப்பசியிலும் கொட்டித் தீர்க்கும், இடையிலும் விட்டு விட்டுப் பெய்யும். பூத்திருக்கும்போது நனைந்தால் அந்திரக்னோஸ் என்ற பூஞ்சண நோய் வந்து பூங்கொத்து கறுத்து உதிர்ந்துவிடும். கொழும்பில் மாமரமே காய்க்காது என்று நான் சொல்லவரவில்லை. காய்க்கும் மரங்கள் இருக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்துக் காய்ப்பை இங்கே எதிர்பார்க்க முடியாது, அந்த ஆசைக்குத்தான் அவர் தனி விலை போட்டார். வேடிக்கை என்னவென்றால், இந்த ஊருக்குப் பொருந்தும் ரம்புட்டான் பொய்க் கன்று, பொருந்தாத மாங்கன்று அசல்.

காய்ந்துபோன மதிலோரச் செடிகளைப் பிடுங்கியபோது இன்னொன்று தெரிந்தது. உயரத்துக்குத் தகுந்த விலை என்று ஆளுயரச் செடிகளாகக் கொண்டுவந்திருந்தார். சின்னப் பையில் வருடக்கணக்காகக் கிடந்த செடிகள் அவை. வேர் வெளியே போக வழியில்லாமல், தலையில் குடம் வைக்கச் சுற்றும் சும்மாடு போலத் தன்னைத் தானே சுற்றிக் கிடந்தது. பையைக் கழற்றி அந்த வளையத்தை வெட்டிப் பிரித்துவிடாமல் நட்டால் வேர் புதுமண்ணுக்குள் இறங்காது. சிலவற்றில் பையைக்கூட முழுதாகக் கழற்றவில்லை, பக்கத்தை மட்டும் கீறிவிட்டுப் புதைத்திருந்தார். உள்ளே முக்கால்வாசி தேங்காய்த் தும்புத்தூள், மேலே ஒரு விரற்கடை மண். தும்புத்தூள் ஒரு தரம் முற்றாகக் காய்ந்துவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் பக்கத்தால் வழிந்தோடும், நடுவில் வேர் காய்ந்தபடியே இருக்கும். நாங்கள் தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி செத்தது இப்படித்தான். வாங்கும்போது பையைத் தூக்கிப் பாருங்கள். ஆளுயரச் செடிக்குக் கனமே இல்லையென்றால் உள்ளே தும்புதான். அடியில் துளைகளால் தடித்த வேர் வெளியே வந்திருந்தால் அது பழைய சரக்கு. இடுப்பளவு உயரமான இளம் கன்று நட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் அந்த ஆளுயரச் செடியைத் தாண்டிவிடும், விலையும் பாதிதான்.

நடவு நேரமும் பிழை. தை மாசிதான் கொழும்பில் மழை குறைந்த காலம். மரம் செடி வைப்பதென்றால் சித்திரை மழையோடு, அல்லது ஐப்பசியில் வைக்க வேண்டும். குடிபூரல் தேதிக்குச் செடிகள் கேட்டால் சாடியில் கொண்டுவந்து வையுங்கள், மழை வந்ததும் நடலாம் என்று நேர்மையான ஆள் சொல்லியிருப்பார்.

புல் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயிலில்லாத பக்கவாட்டுப் பகுதிக்கு விலை கூடிய சொய்சியா புல்லைப் பதித்தார். அது நல்ல வெயில் கேட்கும் புல். நிழலுக்கு மலேசியப் புல் ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. பதித்த புல் செத்துப்போக, அதோடு கூட வந்த கோரை மட்டும் செழிப்பாக நிற்கிறது. கோரையைப் பிடுங்கினால் மேலே அறுந்துவரும், கிழங்கு கீழேயே கிடந்து திரும்ப முளைக்கும். புல்லுக் கட்டுகளை இறக்கும்போதே ஒன்றிரண்டைப் புரட்டி, அடியில் கறுத்த சின்னக் கிழங்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாசலில் முழு வெயிலும் கடற்காற்றும் படுகிற இடத்தில் ஆந்தூரியம் வைத்ததையும் சொல்ல வேண்டும். நிழல் கேட்கும் செடி, இலையோரம் எல்லாம் கருகிப்போனது. கடல் பக்கத்தில் இருப்பவர்கள் அரலியா, போகன்வில்லா, பூவரசு, தென்னை என்று உப்புக்காற்றைத் தாங்குவதாகப் பார்த்து வையுங்கள். குழாய்க்குப் பக்கத்தில் அவர் வைத்த பைக்கஸ் பெஞ்சமினாவை நாங்கள் உடனே கிளப்பிவிட்டோம். சின்னக் காணியில் அதன் வேர் மதிலையும் கானையும் ஒரு வழி பண்ணிவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் வந்தது பலா மரத்து விஷயத்தில். “நிழல் அடிக்குது, தறிச்சுவிடுவம். மரத்தை நான் எடுத்துக்கொண்டு பில்லிலை கழிச்சுவிடுறன், பேமிட் ஒண்டும் தேவையில்லை” என்றார். முதிர்ந்த பலா மரத்தின் விலை என்னவென்று மரக்காலையில் விசாரித்துப் பாருங்கள், அவர் கழிப்பதாகச் சொன்ன தொகை அதற்குப் பக்கத்திலும் வராது. அதோடு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. கிராம சேவகரிடம் போய், பிரதேச செயலகம் ஊடாக அனுமதி எடுக்க வேண்டும். ஊரெல்லாம் பலா நடச் சொல்லித் திரிந்த ஆர்தர் வி. டயஸை ‘கொஸ் மாமா’ (சிங்களத்தில் பலா மாமா) என்று இன்றும் நினைவில் வைத்திருக்கும் நாடு இது. மாமி குறுக்கே நின்றதால் மரம் தப்பியது. வெட்டியிருந்தால் லொறியில் மரம் அவரோடு போயிருக்கும், வழக்கு எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

வாசலில் ஒரு சின்ன பவுண்டனும், சுற்றிவர இலைக்கு நடுவில் தண்ணீர் தேங்கும் புரோமிலியாட் செடிகளும், சாடிகளுக்கு அடியில் தட்டுகளும் வைத்திருந்தார். பவுண்டன் மோட்டர் சீக்கிரமே நின்றுவிட்டது. டெங்குப் பரிசோதனைக்கு வந்த பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தட்டைத் தூக்கிக் காட்டினார், புழு நெளிந்தது. நல்லவேளை, எச்சரித்துவிட்டுப் போனார். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம், போடுகிறார்கள். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டுகளை நாங்கள் எறிந்துவிட்டோம், பவுண்டனுக்குள் மண் போட்டுத் துளசி வைத்தாயிற்று.

காசைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பலர் கேட்டார்கள். நாங்கள் இரு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமரசம் பேசும் இணக்க சபைக்கு எழுதிக்கொடுத்தோம். முதல் தவணைக்கு அவர் வரவில்லை, அடுத்ததற்கு வந்தார். பில்லில் ‘மேல்மண் 6 கியூப்’ என்று அவரே எழுதியிருந்ததும், டிப்பர் வந்த அன்று மனைவி எடுத்த படமும் கையில் இருந்தன. மண்ணுக்கு வாங்கியதில் ஒரு பகுதியைத் தர ஒப்புக்கொண்டு தந்தார். செடிகளுக்கு ஒரு சதமும் வரவில்லை, ஏனென்றால் பில்லில் ‘செடி வகைகள்’ என்று மொத்தமாக ஒரு வரிதான் இருந்தது. ஆகவே செடியின் பெயர், ஒட்டா கொட்டையா, பையின் அளவு, எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது ஒரு மழையும் ஒரு வெயிலும் கண்ட பிறகுதான் தருவேன் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பில்லும் படங்களும் இருந்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்திலும் முறைப்பாடு செய்யலாம். எந்த மரம் எந்த இடத்துக்குச் சரி என்று கேட்க விவசாயத் திணைக்களத்தின் 1920 இருக்கிறது.

படங்களைப் பார்த்து ஆளைப் பிடிக்காதீர்கள், படம் எல்லாம் முதல் நாள் எடுத்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் அவர் போட்ட தோட்டம் ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். ‘அந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில்’ என்று இழுத்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.