டேக்வாண்டோவா, ஹாப்கிடோவா, டேக்கியோனா?

கொரியத் தற்காப்புக் கலை ஏதாவது ஒன்றைக் கற்கலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் "எது பலமானது" என்றுதான் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: அந்தக் கலையின் விதி எதற்குப் புள்ளி தருகிறது? உடம்பு அதற்குத்தான் பழகும்.

முதலில் டேக்வாண்டோ. டே என்றால் கால், க்வான் என்றால் முஷ்டி, டோ என்றால் வழி. இந்தப் பெயரே 1955-ல் வந்ததுதான். அதை முன்வைத்த ஜெனரல் சோய் ஹோங் ஹி ஜப்பானில் படித்த காலத்தில் கராத்தே பயின்றவர், அதனால் பயிற்சிக்கூடச் சுவரில் "இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கலை" என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு ஷூவைக் கழற்றுங்கள், பயிற்சி நன்றாகவே இருக்கக்கூடும்.

இதில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு, சேரும் முன் பலர் விசாரிப்பதே இல்லை. 1973-ல் தொடங்கிய உலக டேக்வாண்டோ அமைப்பின் வழிதான் ஒலிம்பிக்கில் பார்ப்பது. 2000 சிட்னியிலிருந்து அதற்குப் பதக்கம் உண்டு. உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் அதற்கும் மேல். முகத்தில் குத்தவே கூடாது. விளைவு என்ன? ஆட்டக்காரர்களின் கைகள் தொங்கிக்கொண்டே இருக்கும், கால் மட்டும் பேசும். இடுப்பு நெகிழ்வு, ஒற்றைக் காலில் சமநிலை, எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற கணக்கு, இவையெல்லாம் பிரமாதமாக வரும், ஆனால் ஒருவர் நெருங்கி வந்து மூக்கில் குத்தினால் கை மேலே போகாது. சோய் 1966-ல் தொடங்கிய சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பின் வழியில் முகத்துக்கும் குத்தலாம், வேகத்தைக் கட்டுப்படுத்தித் தொட வேண்டும், அவ்வளவுதான். அதனால் அங்கே கை தாடைக்குப் பக்கத்திலேயே நிற்கும். தனியாகச் செய்யும் 'டுல்' அசைவுத் தொடர்களும் 24, ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறித்து வைத்த எண்ணிக்கை.

குழந்தைகளுக்கு என்றால் யோசிக்காமல் டேக்வாண்டோ, எந்தக் கிளையானாலும் சரி. பெல்ட் நிறம் மாறும் ஆசையே பாதி வேலையைச் செய்துவிடும். மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத மனம் என்று சோய் சொன்ன ஐந்து கொள்கைகளை ஒப்பிக்க வைப்பதால் ஒரு பிள்ளையும் மாறுவதாக நான் நம்பவில்லை. அசையாமல் தயார்நிலையில் நின்று கட்டளைக்குக் காத்திருக்கும் அந்த அரை நிமிடம்தான் வேலை செய்கிறது. பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நான் முப்பத்து நாலு வயதில் வெள்ளை பெல்ட் கட்டியவன். சுழற்றி உதைக்கும்போது ஊன்றிய காலின் குதிகாலும் கூடவே திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். எனக்கு இறங்கியது.

டேக்கியோன் இதற்கு நேர்மாறு. உண்மையிலேயே பழையது. கிட்டத்தட்ட அழிந்துபோன நிலையில் சோங் டியோக்-கி என்ற முதியவரின் நினைவில் தங்கியிருந்ததை 1983-ல் கொரிய அரசு பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது, 2011-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. முக்கோணமாகக் கால் மாற்றி மாற்றி மிதித்து ஆடுவார்கள், பார்க்க நடனம் மாதிரி இருக்கும். எதிராளியைக் கீழே வீழ்த்தினாலோ முகத்தில் காலை வைத்தாலோ வெற்றி, ஆனால் உடம்பில் படும் உதை காயப்படுத்தாமல் தள்ளுவதாக இருக்க வேண்டும். இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: எதிராளிக்கு எட்டும்படி ஒரு காலை முன்னால் வைத்தே நிற்க வேண்டும், அதற்குப் பெயர் தேஜொப், அதாவது உபசரிப்பு. அடிக்க வருபவனுக்குக் காலை நீட்டி விருந்து வைக்கிறார்கள்! முழங்காலுக்கும் இதமான கலை. ஒரே குறை, கொரியாவுக்கு வெளியே சொல்லித்தர ஆள் கிடைப்பது அபூர்வம்.

அப்புறம் ஹாப்கிடோ. ஜப்பானிய ஐகிடோவை எழுதும் அதே மூன்று சீன எழுத்துகள்தான் இதற்கும். ஜப்பானிலிருந்து திரும்பிய சோய் யோங்-சுல் தேகு நகரில் கற்பித்தது. ஜப்பானில் அவர் யாரிடம் கற்றார் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவது, தூக்கி எறிவது, இடையிடையே உதை. பெரும்பாலான இடங்களில் போட்டி பெரிதாக இருக்காது, எதிர்க்காத ஜோடியோடு பயின்று பயின்று, தெருவிலும் அப்படியே நடக்கும் என்ற மாயை வருவது இதன் பெரிய பலவீனம். ஆனால் தினமும் இருபது முப்பது முறை விழ வேண்டியிருக்கும்: தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் தரையை அறைந்து, அதிர்ச்சியைப் பரப்பி. முப்பதைத் தாண்டியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தெருவில் ஒருவன் நம் மணிக்கட்டைப் பிடிக்கும் நாள் வராமலே போகலாம், போன மழைக்காலத்தில் மாடிப்படியில் எனக்குக் கால் வழுக்கியது, தாடை தானாக ஒட்டிக்கொண்டது, முழங்கைச் சிராய்ப்போடு எழுந்து வந்தேன்.