ஆறு வருடமாகத் தமிழ்99: கைப்பேசியில் எழுதிப் பார்த்த வழிகள்

நாள் முழுக்கக் கைப்பேசியில் தமிழில் எழுதுகிறவன் நான். ஆறு வருடத்துக்கு முன்பு வரை ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்ளும் முறைதான். புதிதாக எதையும் பழக வேண்டாம் என்பது அதன் வசதி. ஆனால் 'பழம்' என்று எழுதப் போனால் பலம், பளம், பழம் மூன்றும் மேலே வரிசையாக வந்து நிற்கும். அவசரத்தில் முதலில் இருப்பதை அழுத்திவிடுவோம். ஒருநாள் என் அக்கா மகள் 'தமிள் பரீட்சை முடிஞ்சது மாமா' என்று அனுப்பினாள். நோட்டில் அவள் ழகரத்தைச் சுழித்து அழகாக எழுதுவாள். கைப்பேசியில் அந்த எழுத்தை அவள் தொடவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்றே செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியை இறக்கி, தமிழ் எழுத்துகளையே விசைகளில் வைத்த தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். செல்லினம் முத்து நெடுமாறன் உருவாக்கியது. 2005 பொங்கலுக்குச் சிங்கப்பூரில் வெளியானது. தமிழ்99 அதற்கும் மூத்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. ஐபோனில் 2013 முதல் உள்ளேயே இருக்கிறது.

முதல் வாரம் கஷ்டம்தான். ஒரு வரி அடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் 'இருக்கீங்களா?' என்று கேட்டுவிடுவார். மூன்றாவது வாரத்தில் விரலுக்கு இடம் பிடிபட்டது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். 'மாலை' என்று அடித்தால் ம வலது, ஆ இடது, ல வலது, ஐ இடது என்று இரண்டு கட்டைவிரலும் மாறி மாறி நடக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது புள்ளி தானாக விழுவது. க-வை இரண்டு முறை தட்டினால் 'க்க'. ங-வுக்குப் பின் க தட்டினால் 'ங்க'. 'தங்கம்' எழுத த, ங, க, ம, கடைசியில் ஒரு புள்ளி, ஐந்தே தட்டு. ஆங்கில எழுத்தில் ஏழு. 'மமதை' போன்ற சொல்லில் மட்டும் இரண்டு ம-வுக்கும் நடுவே அ-வைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் 'ம்ம' ஆகிவிடும். முக்கியமான விஷயம், ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை. எந்த எழுத்து என்று யோசித்துத்தான் தட்ட முடியும். எழுத்துப்பிழை எனக்குக் குறைந்ததற்கு இதுதான் காரணம்.

குறையும் உண்டு. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் மேல்விசைக்கு (ஷிஃப்ட்) பின்னால் இருப்பதால் 'பஸ்' என்று எழுத ஒரு தட்டு கூடுதல். நடுவில் ஆங்கிலச் சொல் வந்தால் விசைப்பலகையை மாற்றித் திரும்ப வர வேண்டும்.

குரல் தட்டச்சையும் விடவில்லை. கூகுள் 2017-ல் தமிழுக்குக் கொண்டுவந்தது. வண்டியை ஓரம் கட்டி, ஒரு கை மட்டும் சும்மா இருக்கும்போது அதுதான் கைகொடுக்கிறது. நீளமான செய்திக்கும் நல்லது. ஆனால் நான் பயன்படுத்திய ஒரு செயலியில் 'அரை கிலோ கத்தரிக்காய்' என்று சொன்னால் 'அறை கிலோ' என்று விழும். வாயில் ர, ற வித்தியாசம் இல்லாதபோது செயலியைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. பேருந்து நிலைய இரைச்சலில் முயலவே வேண்டாம். நிறுத்தக்குறிகளை நான் கையால்தான் போடுகிறேன். விரலை எடுக்காமல் இழுத்து எழுதுவதை ஆங்கிலத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். 'வந்துகொண்டிருக்கிறேன்' அளவுக்கு நீளமான சொல்லை இழுத்து முடிப்பதற்குள் விரல் வழி தவறிவிடும்.

அம்மாவுக்கு இவை எதுவுமே ஒத்துவரவில்லை. கோபிசெட்டிபாளையத்தில் தனியாக இருக்கிறார், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். விசைகளில் எழுத்தைத் தேடுவது அவருக்குச் சலிப்பு. போன தீபாவளிக்குப் போனபோது கையெழுத்துப் பலகையைப் போட்டுக் கொடுத்தேன். திரையில் விரலால் எழுதினால் போதும். விசைப்பலகையில் 'கொ' வேண்டுமென்றால் க தட்டி ஒ தட்டுகிறோம். அம்மா சிலேட்டில் பழகிய மாதிரியே முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் போட்டார். 'கொ' வந்துவிட்டது. "இது நம்ம எழுத்தாட்டமே இருக்குது கண்ணு" என்றார்.

இப்போது தினமும் காலையில் அவரிடமிருந்து ஒரு வரி வருகிறது. இன்றைக்கு வந்தது: 'மழ பேஞ்சுது கண்ணு. சாப்ட்டியா'.