இலவச முகாம் என்று போய் 40,000 ரூபாய் இழந்தோம்: குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சமவெளியில் உள்ள ஒரு தனியார் கருத்தரிப்பு மையம் கோத்தகிரியில் கல்யாண மண்டபம் பிடித்து இலவச முகாம் நடத்தியது. அடுத்த முகாமுக்கு இப்போது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எனக்கு 29 வயது. ஒன்றரை ஆண்டாகக் காத்திருக்கிறோம். கருமுட்டை மாதந்தோறும் வெளியாகிறது, கருக்குழாய் எக்ஸ்ரேயில் அடைப்பு இல்லை, கணவரின் விந்தணுப் பரிசோதனையும் நன்றாகவே இருக்கிறது. காரணம் தெரியாத குழந்தையின்மை என்றார்கள். ஒரு குறை தெரிந்தால் அதற்கு வைத்தியம் பார்க்கலாம்; ஒன்றுமே இல்லை என்றால் யார் எதைச் சொன்னாலும் மனம் நம்பத் துடிக்கிறது. இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முகாமில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு போன் செய்து மையத்துக்கு வரச் சொன்னார்கள். டாக்டர் வந்ததும் போனதும் தெரியவில்லை. பேசியதெல்லாம் 'ஆலோசகர்' என்ற பெண்தான். ஏ.எம்.எச். (சினைப்பையில் முட்டை எவ்வளவு மீதமிருக்கிறது என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "முட்டை தீர்ந்துகொண்டே போகிறது. இந்த மாதமே ஐ.வி.எஃப். தொடங்காவிட்டால் அப்புறம் வேறொரு பெண்ணின் முட்டைதான்" என்றார். ஐ.வி.எஃப். என்றால் முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவைக் கருப்பையில் வைப்பது. இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். பச்சைத் தேயிலைக்காக ஃபாக்டரியில் வாங்கி வைத்திருந்த பணத்தை என் கணவர் அப்படியே எடுத்துக் கொடுத்தார். ரசீதில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'ஆலோசனைக் கட்டணம்'. சிகிச்சை வேண்டாம் என்றதும், ஆலோசனைக் கட்டணம் திரும்பத் தரப்படாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஃபைலையும் தர மறுத்தார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தவுடன் ஃபைல் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் வேறொரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்தோம். ஐ.வி.எஃப்.புக்காக முட்டை வளர ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்பதற்குத்தான் ஏ.எம்.எச். உதவும், தானாகக் கருத்தரிக்குமா என்பதை அது சொல்லாது என்று பொறுமையாக விளக்கினார். என் வயதில், இரண்டு ஆண்டு முடியாத நிலையில், இன்னும் சில மாதம் காத்திருப்பதும் முறையான வழியே. அதன் பிறகு முட்டை வளர மாத்திரையோடு ஐ.யு.ஐ. (விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்துவது) மூன்று, நான்கு முறை. அதிலும் ஆகாவிட்டால் ஐ.வி.எஃப். முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இவ்வளவு காத்திருக்கக் கூடாது. நாற்பதை நெருங்குபவர்களுக்கு ஐ.வி.எஃப்.பையே முதலில் சொல்வதும் உண்டு. ஐ.வி.எஃப். மோசடி என்று நான் சொல்லவில்லை. வயதையும் காத்திருந்த காலத்தையும் கேட்காமலே அதை விற்பதுதான் மோசடி.

2021ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் பதிவுச் சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ஐ.யு.ஐ. மட்டும் செய்ய அனுமதி பெற்ற மையம் ஐ.வி.எஃப். செய்ய முடியாது. பணம் எடுப்பதற்கு முன் சான்றிதழைப் படியுங்கள், ரசீதில் எதற்காக என்று எழுதச் சொல்லுங்கள்.

ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி 'ஆலோசனைக் கட்டணம்' என்று ரசீது வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள்.